கோழிக்குக் கொஞ்சம், தோட்டத்துக்கு மீதி: எங்கள் வீட்டு மண்புழுத் தொட்டி

வீட்டில் மண்புழுத் தொட்டியும் இருக்கிறது, கோழியும் இருக்கிறது என்று தெரிந்ததும் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்போ கோழித் தீவனச் செலவே கிடையாதா?" என்பதுதான். கிடையாது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கணக்கு அப்படி வராது. தொட்டி வைக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. தீவனத்தை நம்பித் தொட்டி வைத்தவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள்.

மண்புழுவின் உடம்பில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். காயவைத்த புழுவில் 60 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது என்பது உண்மை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் எல்லோரும் மயங்குகிறார்கள். ஆனால் நாம் கோழிக்குப் போடுவது உயிர்ப்புழு. 100 கிராம் உயிர்ப்புழுவில் புரதம் ஏறக்குறைய 10 கிராம்தான் தேறும். அதே 100 கிராம் கடலைப் புண்ணாக்கில் 40 கிராமுக்கு மேல் இருக்கிறது. அடுத்தது பெருக்கம். நன்றாகப் பராமரிக்கும் தொட்டியில் 1 கிலோ புழு 3 மாதத்தில் 2 கிலோ ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாகப் போட்ட 1 கிலோவில் கை வைக்காமல் பெருகியதை மட்டும் எடுத்தால் நாளுக்கு 11 கிராம். அதில் புரதம் 1 கிராம் சொச்சம். முட்டையிடும் கோழி ஒன்றுக்கே ஒரு நாளைக்கு 13 கிராம் அளவுக்குப் புரதம் வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பவை எட்டு.

அப்படியென்றால் கோழிக்குப் புழு போடுவதே வீணா? இல்லை. எப்போது, யாருக்குப் போடுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் தொட்டி.

நாங்கள் இருப்பது திருச்சிக்கு வெளியே. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தோல் காய்ந்தால் செத்துவிடும், புழு வாழும் மட்கும் கழிவுப் படுக்கைக்குள் சூடு 35 டிகிரியைத் தாண்டினாலும் தாங்காது. அதனால் பிளாஸ்டிக் டிரம்மை நான் யாருக்கும் சொல்வதில்லை. கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறை, 3 அடி விட்டத்தில் இரண்டு வாங்கி, வேப்ப மரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். மேலே தென்னங்கீற்றுப் பந்தல். உறையின் கனம் வெயிலை உள்ளே விடாது. புது சிமெண்டில் சுண்ணச் சத்து இருக்கும் என்பதால், முதலில் சாணித் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, கொட்டி, மறுபடி ஊற்றி, ஒரு வாரம் பத்து நாள் பழக்கியெடுத்துவிட்டுத்தான் புழுவை விட வேண்டும். அடியில் தளம் போட்டு ஒரு பக்கம் சரிவு, சரிவு முடியும் இடத்தில் ஒரு குழாய். தளத்தின் மேல் உடைந்த செங்கல், அதன் மேல் தென்னை மட்டை உரித்த நார். தண்ணீர் உள்ளே தேங்கவே கூடாது.

உறையைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் எடுத்துத் தண்ணீர் நிறுத்தி வைத்திருக்கிறோம். எறும்புக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. மருந்துப் பொடி தூவினால் அது புழுவுக்கும் எமன், அந்தப் புழுவைத் தின்னும் கோழிக்கும் கேடு. மேலே கம்பிவலை மூடி கட்டாயம். எலி, பெருச்சாளிக்காக என்று நினைப்பீர்கள். பாதி அதற்கு, மீதி எங்கள் கோழிகளுக்கே. மூடி ஒரு நாள் திறந்து கிடந்தால் போதும், கால் கிலோ புழுவைக் காலால் சீய்த்து எடுத்துவிடும்.

எந்தப் புழு என்பது அடுத்த கேள்வி. நம் பக்கம் அதிகம் கிடைப்பது யூட்ரிலஸ் யூஜினியே என்கிற ஆப்பிரிக்கப் புழு. வெப்பத்துக்கு ஓரளவு ஒத்துவரும், வேகமாகத் தின்னும், பெரியதாக வளரும். ஐசீனியா ஃபெடிடா என்கிற சிவப்புப் புழுவையும் கொடுப்பார்கள். அது தொந்தரவு செய்தால் மஞ்சளாக, நாற்றமுள்ள ஒரு நீரைக் கக்கும். எங்கள் கோழிகள் அதை அவ்வளவு விரும்பவில்லை. ஆப்பிரிக்கப் புழு என்றால் பறந்து வருகின்றன. மூன்றாவதாகப் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். அது நம் நாட்டுப் புழு. மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், ஈரச் சாணிக்கு அடியில் தேடினாலே கிடைக்கும், மெலிதாக, வெயில் பட்டால் நீலம் கலந்து மின்னும். சென்னையைச் சேர்ந்த மண் உயிரியலாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல ஆண்டுகளாக உள்ளூர்ப் புழுக்களுக்காகப் பேசி வருபவர். அவர் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. அதனால் ஆப்பிரிக்கனோடு நிற்காமல், ஓர் உறையில் அது, இன்னோர் உறையில் கொட்டகையிலிருந்து பொறுக்கி வந்த நம் புழு.

இங்கே ஒன்று. தொட்டியில் வாழும் இந்தப் புழுக்கள் மேல்மட்டத்தில், அழுகும் பொருளுக்குள் இருப்பவை. இவற்றைக் கொண்டுபோய் வெறும் தோட்ட மண்ணில் விட்டால் அவை உழவு ஓட்டாது. மண்ணுக்குள் துளை போட்டு மேலும் கீழும் போய்வருவது லாம்பிட்டோ மாரிட்டி போன்ற வேறு இனம். அது உங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கும். மண்ணை மூடும் சருகு மூடாக்கும் ஈரமும் கொடுத்தால் தானே பெருகும், வாங்கி விட வேண்டியதில்லை.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், வாழை மரம். தொட்டியம், லால்குடி, முசிறி என்று எங்கள் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் வாழைதான். தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்து வரப்போரம் போட்டுவிடுவார்கள். கேட்டால் எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். அதை ஒரு சாண் துண்டுகளாக நறுக்கி, இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகம் கீழே பார்க்கும்படி படுக்கையின் மேல் அடுக்கி ஈரச் சாக்கால் மூடிவிடுகிறேன். இரண்டு வாரம் கழித்து ஒரு துண்டை எடுத்து மட்டையை ஒவ்வொன்றாக உரித்துப் பாருங்கள். வாழை மட்டையின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள் இருக்கும். தண்ணீரும் காற்றும் நிற்கும் அந்த அறைகளுக்குள் புழுக்கள் ஒன்றின் மேல் ஒன்று சுருண்டு கிடக்கும். பெரியவற்றின் உடம்பில் தலைப்பக்கம் தடித்த பட்டை தெரியும், அது இருந்தால் முட்டையிடும் பருவம். உள் மட்டைகளின் மடிப்பில் மிளகை விடச் சிறிய முட்டைக்கூடுகள், பழுப்பு நிறத்தில். ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குட்டிகள் வரும். வெள்ளையாக, தையல் நூல் கனத்தில், வெளிச்சம் பட்டதும் நெளிந்துகொண்டு உள்ளே ஓடும். தொட்டி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை. அந்த மட்டையில் வெள்ளைக் குட்டி இருந்தால் எல்லாம் சரி.

ஈரத்துக்கு ஒரு சோதனை உண்டு. படுக்கையில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், காகிதமோ உலர்ந்த சருகோ போட்டுக் கிளறிவிடுங்கள். ஒன்றுமே வராவிட்டால் தெளியுங்கள். கோடையில் காலை மாலை இரண்டு வேளையும் சாக்கை நனைக்க வேண்டியிருக்கும்.

இப்போது தீனி. இதில் எங்கள் வீட்டில் ஒரு கறாரான ஒழுங்கு இருக்கிறது: கோழி முதலில், புழு அப்புறம். மிச்சச் சோறு, கீரைக் கழிவு, பூசணி விதை, தக்காளி, கோவைக்காய் எல்லாம் நேராகக் கோழிக்குத்தான். கோழி தின்னக்கூடியதைப் புழுவுக்குப் போட்டு, அந்தப் புழுவைக் கோழிக்குப் போடுவது என்றால் வழியில் பெரும்பகுதியை நாமே இழக்கிறோம். கோழி தொடாததுதான் புழுவுக்கு: வாழைப்பழத் தோல், வாழையிலை, டீத்தூள் சக்கை, காபிச் சக்கை, முருங்கைக்காய்ச் சக்கை, பலாக் கொட்டையின் மேல்தோல், நனைத்துக் கிழித்த அட்டைப்பெட்டி, அப்புறம் சாணி. வழவழப்பான வண்ணத்தாளும், தெருக் குப்பையும் வேண்டாம். மண்புழு காட்மியம், காரீயம் போன்ற கன உலோகங்களைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அது கோழிக்குப் போகும், கோழியிலிருந்து முட்டைக்கும் வரலாம்.

உப்பு, எண்ணெய், காரம், புளி இவை நான்கும் தொட்டிக்கு ஆகாது. அதனால் குழம்பு மிச்சம், ஊறுகாய், புளிக் கோது, எலுமிச்சைத் தோல், மிளகாய் எதுவும் போகாது. வெங்காயத் தோல் கொஞ்சம் போனால் ஒன்றும் ஆகாது.

பச்சைச் சாணியை அப்படியே போடாதீர்கள். உள்ளே சூடேறும். நிழலில் இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டு, தொட்டுப் பார்த்துக் குளிர்ந்திருந்தால் போடலாம். சாணி தரும் வீட்டில் ஒரு கேள்வியும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: மாட்டுக்குச் சமீபத்தில் பூச்சி மருந்து கொடுத்தீர்களா? குடற்புழு நீக்கும் மருந்தில் ஒரு பகுதி சாணியில்தான் வெளியே வருகிறது. கொடுத்திருந்தால் அந்தச் சாணியை நான் தென்னைக்குத் தள்ளிவிடுவேன்.

ஒரு கிலோ புழு, பழகிய பிறகு, நாளுக்கு அரைக் கிலோ வரை தின்னும். ஆரம்பத்தில் அதில் பாதி போதும். முன்பு போட்டது கரைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.

கோழி விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் இருப்பவை சிறுவிடை. தானே அடைகாத்துத் தானே வளர்க்கும் நாட்டுக்கோழி. புழுவை நாங்கள் மூன்று நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். குஞ்சு பொரித்த முதல் சில வாரம், அடைகாத்து மெலிந்து எழுந்த தாய்க்கோழி, இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் கோழி. இந்த நேரங்களில் நல்ல புரதம் கொஞ்சம் கிடைத்தாலும் அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. புழு, இறைச்சி போன்றவற்றின் புரதத்தில் உள்ள லைசின், மெத்தியோனின் என்கிற அமினோ அமிலங்கள் தானியத்தில் குறைவு. கம்பும் குருணையும் மட்டுமே தின்கிற குஞ்சுக்கு இவைதான் பற்றாமல் போகும்.

புழுவைப் பிடிக்க, படுக்கையின் ஒரு மூலையில் கனிந்த வாழைப்பழத் தோலைக் குவித்து ஈரச் சாக்கைப் போட்டு வைத்தால் இரண்டு நாளில் அங்கே கூடிவிடும். எடுத்ததைத் தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் வயிற்றில் இருக்கும் மண்ணெல்லாம் கழிந்துவிடும். காலையில் மறுபடி அலசிவிட்டுப் போடலாம். செத்ததும் நாறுவதும் இருந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அழுகிய புழுவைத் தின்ற கோழிக்குக் கழுத்து தொங்கிப்போகும் நோய் வரக்கூடும்.

சின்னக் குஞ்சுகளுக்கு நறுக்கித்தான் போட வேண்டும் என்று நினைத்திருந்தோம். தாய்க்கோழி அதைப் பார்த்துக்கொள்கிறது. புழுவைத் தான் விழுங்காமல் அலகால் கொத்தித் தரையில் போட்டு, மறுபடி தூக்கிப் போட்டு, கொக்கொக்கென்று கூப்பிடும். ஒரு குஞ்சு கவ்விக்கொண்டு ஓடும், மற்றதெல்லாம் பின்னால் துரத்தும், இன்னொன்று மறுமுனையைப் பிடித்து இழுக்க இரண்டாக அறுந்து ஆளுக்குப் பாதி. அம்மா இதைப் பார்ப்பதற்காகவே காலைக் காபியைக் கொல்லைக்குக் கொண்டு வந்துவிடுவார்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது. எதுவும் வெளியே போகாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சமையல் கழிவு புழுவுக்கு, புழு கோழிக்கு, கோழி எச்சம் மறுபடி புழுவுக்கு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்தக் கடைசிக் கண்ணியை மட்டும் இணைக்காதீர்கள். கோழி எச்சம் புழுத்தொட்டிக்குப் போகவே கூடாது.

எச்சத்தில் இருக்கும் அம்மோனியாவும் உப்பும் புழுவைக் கொல்லும் என்பது ஒரு காரணம். மட்கவைத்துப் போட்டால் அதைச் சமாளிக்கலாம். ஆனால் பெரிய காரணம் வேறு. எங்கள் கால்நடை மருத்துவர் விளக்கியது இது. கோழியின் குடலில் இருக்கும் உருண்டைப்புழுக்கள் இடும் முட்டை எச்சத்தோடு கீழே விழுகிறது. அதை மண்புழு மண்ணோடு சேர்த்து விழுங்குகிறது. மண்புழுவுக்கு ஒன்றும் ஆவதில்லை, ஆனால் அதன் உடம்புக்குள் அந்த முட்டையும் குஞ்சுப்புழுவும் உயிரோடு தங்கிவிடுகின்றன. ஹெட்டராகிஸ் என்கிற குடல்வால் புழு ஓராண்டுக்கு மேல்கூட அப்படித் தங்கும். மூச்சுக்குழலில் ஒட்டிக்கொள்ளும் சிங்கமஸ் புழுவும் இதே வழியில் வரும். அது வந்த குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும். ஆக, எச்சத்தைப் புழுவுக்கும் புழுவைக் கோழிக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், நோயை நாமே கையால் ஊட்டியது போல ஆகிவிடும்.

எங்கள் கோழி எச்சம், கூட்டில் போடும் நெல் உமியோடு சேர்த்துத் தனிக் குவியலாகப் போகிறது. சருகு கலந்து, நனைத்து, கை வைக்க முடியாத சூடு வரும்வரை குவித்து, புரட்டிப் போட்டு மட்கவைத்து தென்னைக்கும் வாழைக்கும் வைக்கிறோம். கோழி மேய்ந்த இடத்து மண்ணும் சருகும் தொட்டிக்குள் வராது. கொல்லையில் மேயும் கோழி தானாகவே மண்ணைக் கிளறி மண்புழு தின்னத்தான் செய்யும், அதைத் தடுக்க முடியாது. அதனால் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கோழிகளுக்குக் குடற்புழு மருந்தும் கொடுக்கிறோம். தொட்டிப் புழு இந்தத் தொல்லைக்கு இன்னொரு வாசலாக ஆகக்கூடாது, அவ்வளவுதான்.

புழு போதாத நேரத்தில் நம் ஊரில் பழைய வழி ஒன்று இருக்கிறது, அது இன்றும் முதல் தரம். ஓட்டைப் பானைக்குள் காய்ந்த சாணி, வைக்கோல், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு எல்லாம் அடைத்துத் தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானை நிறையக் கரையான். குஞ்சுகளுக்கு அதைவிட மிருதுவான, ஏற்ற தீனி கிடையாது. வளர்க்கும் வேலையும் இல்லை. தண்ணீரில் மிதந்து வளரும் தீவனச் செடியான அசோலாவும் ஒரு சின்னக் குழியில் வைத்திருக்கிறோம்.

தொட்டியில் சில சமயம் பழுப்பு நிறத்தில், தட்டையாக, கெட்டியான தோலுள்ள பெரிய புழுக்கள் கூட்டமாக வரும். பயப்பட வேண்டாம். கருப்புச் சிப்பாய் ஈயின் குஞ்சுகள் அவை. தீனி அதிகமாகிவிட்டது என்பதற்கு அடையாளம். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வெயில் காலத்தில் மண்புழுவைவிட இவைதான் எங்கள் கோழிகளுக்கு அதிகம் கிடைக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆப்பிரிக்கப் புழு ஓடிப்போகும். இரவில், குறிப்பாக மழை வரும் முன், உறையின் சுவர் ஏறி வெளியே இறங்கிவிடும். தொட்டிக்கு மேல் ஒரு சின்ன எல்இடி பல்பை இரவு முழுக்க எரியவிட்டால் நிற்கும், வெளிச்சம் அதற்கு ஆகாது. நாட்டுப் புழு அவ்வளவு ஓடுவதில்லை.

உரம் எடுப்பதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மேலே கருப்பாக, டீத்தூள் போல உதிரியாகத் தெரிய ஆரம்பித்ததும் நான்கைந்து நாள் தண்ணீரை நிறுத்திவிட்டால் புழு கீழே இறங்கிவிடும். மேல் அடுக்கை மட்டும் வழித்துச் சலித்துக்கொள்ளலாம். வெயிலில் காயவைக்காதீர்கள், அதில் இருக்கும் நுண்ணுயிர்கள் போய்விடும். நிழலில், லேசான ஈரத்தோடு சாக்கில் வைத்தால் போதும். கத்திரி, மிளகாய், வெண்டைக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை செடிக்கு இரண்டு கை. நாற்று விட மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு. கறிவேப்பிலைக்கு இதைப் போட்ட பிறகு வந்த தளிரைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, எனக்கும் ஒரு சட்டி குடு" என்று வந்து நின்றார்.

குழாயில் சொட்டும் பழுப்புத் தண்ணீரை எல்லோரும் வெர்மிவாஷ், அதாவது மண்புழுச் சத்து நீர், என்கிறார்கள். தீனி சரியாக மட்காத தொட்டியிலிருந்து வருவது வெறும் கழிவு நீர்தான். நாற்றம் அடித்தால் மரத்தடியில் ஊற்றிவிடுங்கள். மண்வாசனை வந்தால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றலாம்.

அக்காவுக்கு உரம் மட்டும் கொடுக்கவில்லை, புழுவும் கொடுத்தேன். புழுவை மட்டும் கழுவி நிறுத்துக் கொடுத்தால் புது இடத்தில் பாதி செத்துவிடும். வாழை மட்டையும் பழைய படுக்கையும் முட்டைக்கூடும் சேர்த்து அரைச் சாக்கு கொடுத்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். அவர் வீட்டிலும் கோழி உண்டு. அவரிடம் சொன்னது இதைத்தான்: "முதல் ஆறு மாசம் ஒரு புழுவைக்கூட கோழிக்கு எடுக்காதீங்க அக்கா. தொட்டி நிறையட்டும். குஞ்சு பொரிச்சா எங்க தொட்டியிலேர்ந்து எடுத்துக்கிட்டுப் போங்க."